கொம்பு முளைத்த கழகம்

இனிமேல் தாரா வெட்டுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். உறுதியான முடிவு.

பயப்பட வேண்டாம். தாரா என்றால் வாத்து, ஆனால் உயிருள்ள தாரா அல்ல, மட்டைத் தாரா. என் மனைவி ஹாஜறா எங்கள் ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், முடிவில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிப்பதென்றாலும் மட்டையில் வெட்டிக் காட்ட வேண்டுமாம். மூன்று என்றால் மூன்று தாரா. பத்து என்றால் பத்துத் தாரா. எண்ணப் படிப்பது பிள்ளைகள், விரல் வீங்குவது எனக்கு. கல்முனை பஸாரில் எனக்கு ஒரு பெயின்ட் கடை இருக்கிறது. பகலெல்லாம் "நளீம் முதலாளி" என்பார்கள். மஃரிபுக்குப் பிறகு முதலாளி நிலத்தில் சப்பணமிட்டு இருந்து தாராவுக்குச் சொண்டு வெட்டுவார்.

"இந்தத் தாராக்குக் கழுத்தில்ல," என்பாள் ஹாஜறா.

"அது கழுத்த உள்ளுக்கு இழுத்துட்டிரிக்கி புள்ள."

"ஏனாம்?"

"ஒனக்குப் பயந்து."

அன்றைக்கு மேலதிகமாக இருபது தாரா.

எனக்கு வேறொரு பைத்தியம் உண்டு. கெரம். ஆனால் அதை வீட்டில் சொல்ல முடியாது. கல்யாணம் பேசப் போன நாளில் என் வாப்பா என் தகுதிகளை அடுக்கத் தொடங்கி, "எங்கட மகன் கெரம், காட்ஸ் ஒண்டும் தொடாத புள்ள" என்று முதலாவதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது தகுதி அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதனால் அந்த ஒரு தகுதியை நம்பித்தான் எனக்குப் பெண் தந்தார்கள். அன்றிலிருந்து ஒளித்துத்தான் விளையாட்டு.

ஒளிக்கும் இடம் றாஸிக்கின் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில். றாஸிக் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வெடுத்தவர். இன்றைக்கும் நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்பார். அவரோடு அஸ்பாக், மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன், கையைவிட வாய் வேகம். நாலாவது ஆள் கலந்தர் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். நற்பிட்டிமுனையில் வயல் செய்கிறார். வாங்கின் ஒரு முனையில் அவர் இருந்தால் மற்ற முனையில் இருப்பவர் தானாக மேலே எழும்பி விடுவார். நாங்கள் நாலு பேரும் இஷாத் தொழுகைக்குப் பிறகு கூடினால் உலகம் எங்களுக்குச் சதுரம்.

வீட்டில் நான் சொன்ன காரணம், "கடையில ஸ்டொக் எடுக்கிறன்." ஆறு மாதமாக எடுத்தேன். ஒருநாள் சிவப்புக் காய்க்குக் குறிவைத்துக் குனிந்திருக்கும்போது போன் அடித்தது.

"இஞ்ச பாருங்க, ஸ்டொக் எடுக்கிறீங்களா?" என்றாள் ஹாஜறா.

"ஓம் புள்ள. வெள்ள டின் எண்ணிட்டிரிக்கன். குறுக்க பேசாத, கணக்குப் பிழைச்சிரும்."

"நான் ஒங்கட கடைக்கு முன்னுக்குத்தான் நிக்கன். வெளியால பூட்டுத் தொங்குது. உள்ளுக்க இருந்து எப்பிடிப் பூட்டின?"

கலந்தர் காக்கா கண்ணை மூடி ஏதோ ஓதினார்.

"அது... கடையில இல்ல புள்ள. ஒரு கூட்டத்துல இரிக்கன்."

"என்ன கூட்டம்?"

"சமூக சேவைக் கூட்டம்."

"ஆருட சமூகத்துக்கு?"

"வீட்ட வந்து சொல்றன்," என்று போனை வைத்தேன்.

வீட்டில் அவள் தேத்தண்ணியோடு காத்திருந்தாள். ஏசவில்லை. அதுதான் பயம். அவள் பாடசாலையில் பொய் சொல்கிற பிள்ளையை ஏசுவதே இல்லை. "டீச்சர், ராவு எங்கட வீட்ட யான வந்த" என்று ஒரு பிள்ளை சொன்னால், "மறுகா?" என்று கேட்பாள். எங்கள் பக்கத்தில் பிறகு என்பதற்கு மறுகா. "தேத்தண்ணி குடிச்ச." "மறுகா?" "உம்மாட பாய்ல படுத்த." "மறுகா?" நாலாவது மறுகாவில் பிள்ளை அழுது உண்மையைச் சொல்லிவிடும்.

நான் அழவில்லை. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

"ஒரு கழகம் துவங்கியிரிக்கம்," என்றேன்.

"மறுகா?"

"ஏழைகளுக்கு உதவி செய்யிற கழகம்."

"மறுகா?"

"நான்தான் தலைவர். றாஸிக் செயலாளர், அஸ்பாக் பொருளாளர், கலந்தர் காக்கா போஷகர்."

"மறுகா? கழகத்துக்குப் பேரென்ன?"

இதற்கு நான் ஆயத்தமில்லை. வாய்க்குள் கெரம் என்ற சொல்தான் புரண்டுகொண்டிருந்தது. "கெ..." என்று தொடங்கியே விட்டேன். கடைசி நொடியில் நாக்கைத் திருப்பினேன்.

"கரம் கொடுப்போம் சேவைக் கழகம்."

பாருங்கள், ஒரு கொம்பைத்தான் கழற்றினேன். கெரத்திலிருந்து கொம்பை எடுத்தால் கரம். எழுத்துப் பிழையைப் பொய் என்று சொல்வார்களா?

ஹாஜறாவின் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ். நல்ல விஷயமொண்ட ஏன் இவ்வளவு நாளா மறைச்ச? இனி ஒவ்வொரு நாளும் போங்க. தாராவ நான் வெட்டுறன்."

அடுத்தநாள் இஷாவுக்குப் பிறகு ஒரு தட்டு நிறையப் பெட்டிஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் தந்து, "கழகத்துக்கு" என்று வழியனுப்பினாள். கொட்டிலில் கொண்டாட்டம். கலந்தர் காக்கா அஞ்சாவது பெட்டிஸைத் தூக்கிப் பிடித்து, "தலைவரே, இந்தச் சேவ நீடிக்கோணும்" என்றார். நான் உலகத்திலேயே கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு ஒன்பது காயும் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்துச் சோறு போடும்போது ஹாஜறா கேட்டாள், "கழகம் இந்தக் கிழம என்ன சேவ செய்யிற?"

என் கண் ஜன்னலால் வெளியே ஓடியது. கண்ணில் பட்டது ஒழுங்கைச் சாக்கடை, எங்கள் பேச்சில் காண். கறுப்புத் தண்ணி, மேலே பச்சைப் பாசி, அதற்கு மேலே ஒரு செருப்பு.

"காண் துப்புரவாக்கிற," என்றேன்.

"எந்தக் காண்?"

"நம்மட காண்தான்."

"எப்ப?"

"இன்ஷா அல்லாஹ், ஒரு நாளைக்கு."

"சனிக்கிழமை நல்லம்," என்றாள் அவள், மீன் குழம்பை என் சோற்றில் ஊற்றிக்கொண்டு.

சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் ஒழுங்கை நிறையப் பெண்கள். கையில் மண்வெட்டி, கூடை, பேஸின். முன்னுக்கு நிற்கிறாள் சிபானா. றாஸிக்கின் மனைவி, ஹாஜறாவின் பாடசாலையில் உதவி டீச்சர். அவளுக்குப் பக்கத்தில் றாஸிக், சாரனை மடித்துக் கட்டியபடி, தூக்குக்குப் போகிறவர் முகத்தோடு.

"காக்கா, நாங்க பொம்புளையள் கரையில நிண்டு கூட அள்ளித் தாறம்," என்றாள் சிபானா. "கழகம் உள்ளுக்க எறங்கட்டும்."

கழகம் இறங்கியது. கலந்தர் காக்கா இறங்கியபோது தண்ணி மட்டம் உயர்ந்தது. அஸ்பாக் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தலைவரே, பெட்டிஸுக்கு இப்பிடியொரு வில இரிக்கிண்டு சொல்லல்லயே" என்றான். காணுக்குள்ளிருந்து செருப்பு வந்தது, உடைந்த வாளி வந்தது, கோழிக் கூண்டு வந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது என் கடைப் பெயின்ட் டின்தான். ஒவ்வொரு டின் வரும்போதும் கரையில் ஹாஜறா அதன் பெயரைச் சத்தமாக வாசித்தாள்.

சிபானா எல்லாவற்றையும் போனில் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டாள். மறுவாரம் மாரி மழை பிடித்தது. பக்கத்து ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணி. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அவ்வளவுதான். ஊர் கழகத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

"தலைவரே, எங்கட ஒழுங்கைக்கு எப்ப வாறீங்க?" பள்ளிவாசலில் கேட்டார்கள். "தலைவரே, பஸ் தரிப்பிடத்துல கூரைத் தகரம் ஆடுது." மீன் வாங்கப் போனால், "தலைவரே, கடக்கர முழுக்கப் பிளாஸ்டிக்." ஒவ்வொரு கோரிக்கையும் ஹாஜறாவின் காதுக்கு எனக்கு முந்தியே போயிருக்கும். "தலைவர் செய்வார்" என்று அவள் வாக்கும் கொடுத்திருப்பாள். கெரம் பலகையில் எட்டுக்கால் பூச்சி வலை கட்டியது. நாங்கள் இஷாவுக்குப் பிறகு கொட்டிலில் கூடினால் ஆளுக்கொரு பக்கம் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தோம்.

"இந்தக் கழகத்தக் கலைக்கோணும்," என்றார் கலந்தர் காக்கா.

"கலைச்சா சந்தேகம் வரும்," என்றேன். "நம்மட ஊருல கழகம் கலையிறல்ல. ரெண்டாப் பிரியும். சண்டை புடிப்பம். பிரிஞ்சா எல்லாரும் நம்புவாங்க."

அடுத்த நாள் பஸாரில் வைத்து நானும் கலந்தர் காக்காவும் கத்திச் சண்டை பிடித்தோம். அவர் என்னைச் சர்வாதிகாரி என்றார். நான் அவரைத் தின்னி என்றேன். அது நடிப்பில் இல்லாத சொல். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோகமாகக் கதிரையில் விழுந்தேன்.

"கழகம் ரெண்டாப் போச்சு ஹாஜறா. எல்லாம் முடிஞ்ச."

"கேள்விப்பட்டன். அல்ஹம்துலில்லாஹ்."

"என்னத்துக்கு அல்ஹம்துலில்லாஹ்?"

"இப்ப ரெண்டு கழகம்தானே. ஒங்கட கழகம் பஸ் தரிப்பிடத்தப் பாக்கட்டும். கலந்தர் காக்காட கழகம் கடக்கரயப் பாக்கட்டும். இந்தக் கிழமயே முடிஞ்சிரும். ஆர் முந்துறண்டு போட்டியும் வைக்கலாம். காக்காட மனிசிட்டயும் போன்ல சொல்லிட்டன்."

அரை மணித்தியாலத்தில் நானும் கலந்தர் காக்காவும் நடுப் பஸாரில் கட்டிப் பிடித்து முஸாபஹா செய்துகொண்டோம். பார்த்தவர்கள் சிலர் கண் கலங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் ஹாஜறா என்னை றுக்ஸானாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். றுக்ஸானாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் வழங்காது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் சீருடையெல்லாம் அவள் தைப்பதுதான். அவளுடைய பழைய சக்கரக் கதிரை உடைந்து மூலையில் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, அதை அரக்கி அரக்கித் தள்ளித்தான் தையல் மெஷினுக்கும் குசினிக்கும் போய்வந்தாள்.

"கழகத்தால ஒரு கதிர எடுத்துத் தரலாமெண்டு பாக்கம்," என்றேன், தலைவர் குரலில்.

றுக்ஸானா ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள். "தந்தா வாங்குவன் நளீம் காக்கா. ஆனா எனக்கு மால போட்டு, சுத்தி நாலு பேர் நிண்டு பல்லக் காட்டிப் படமெடுத்துப் போடுறண்டா வாணா. என்ட மொகத்தக் காட்டிக் காசு சேக்கவும் வாணா. இந்தக் கதிரயே எனக்குக் காணும்."

நான் அந்தப் படத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று அதற்குள் யோசித்து முடித்திருந்தேன்.

"சரி," என்றாள் ஹாஜறா. "ஒன்னக் காட்டிச் சேக்க மாட்டம். வேற ஆரையாச்சும் காட்டிச் சேப்பம்."

"ஆரக் காட்டி?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அன்று பின்னேரம் கழகக் கூட்டத்துக்கு அவளும் சிபானாவும் நேரடியாகக் கொட்டிலுக்கே வந்துவிட்டார்கள். அஸ்பாக் பாய்ந்து கெரம் பலகைக்கு மேலே ஒரு மேசை விரிப்பைப் போட்டான். ஹாஜறா தேத்தண்ணித் தட்டத்தை அதன்மேலேயே வைத்தாள்.

"மேச நல்ல மட்டமா இரிக்கி," என்றாள்.

நாலு பேரும் நாலு பக்கமும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"றுக்ஸானாக்குக் கதிர வாங்க ஒரு போட்டி வைப்பம். இளந்தாரிப் பொடியன்மார் எல்லாரும் வருவாங்க. கெரம் போட்டி. ஒங்கள்ள ஆருக்காச்சும் கெரம் தெரியுமா?"

"கெரமா?" என்றார் றாஸிக். "அது ஒரு மரக்கறியா?"

"கேள்விப்பட்டிரிக்கன்," என்றார் கலந்தர் காக்கா.

"அது வட்டமா, சதுரமா?" என்றான் அஸ்பாக்.

"நான் தொட்டதே இல்ல," என்றேன் நான். "எங்கட வாப்பா சொன்னவர்தானே."

"பரவால்ல," என்றாள் ஹாஜறா. "விளையாடத் தெரியாதவங்கதான் போட்டி நடத்த நல்லம். பக்கம் பாக்க மாட்டாங்க."

பாலர் பாடசாலை வளவில் பந்தல் போட்டோம். மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பொடியன்மார் வந்து நிறைந்தார்கள். எங்களுக்கு வேலை பலகைக்குப் பவுடர் போடுவதும் தேத்தண்ணி பரிமாறுவதும். பசித்தவனைப் புரியாணி அண்டாவுக்குக் காவல் வைத்த மாதிரி. ஒரு பொடியன் குழியின் வாய்க்கருகில் நின்ற சிவப்பைத் தவறவிட்டபோது அஸ்பாக் "ஆ!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "என்னடா?" என்று கேட்டார்கள். "வாய்வு," என்றான்.

இறுதிப் போட்டி முடிந்ததும் சிபானா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "இப்ப சிரிப்புக்கு ஒரு காட்சிப் போட்டி. கெரமே தெரியாத தலைவர் நளீம் காக்காக்கும், கெரமே தெரியாத ஹாஜறா டீச்சருக்கும்! தலைவர் போடுற ஒவ்வொரு காய்க்கும் நீங்க என்ன தாறீங்க? எல்லாம் றுக்ஸானாட கதிரைக்கு!"

கலந்தர் காக்கா என் காதுக்குள், "டேய், இது சூதாகாதா?" என்றார். அது ஹாஜறாவுக்குக் கேட்டுவிட்டது. "மௌலவிட்டக் கேட்டுட்டன் காக்கா. வெண்டவருக்கும் ஒண்டுமில்ல, தோத்தவருக்கும் ஒண்டுமில்ல. எல்லாம் தருமம், சதக்காதான்."

பஸாரில் என் பக்கத்துக் கடை ஹாட்வெயார் ஸஜாத். கொட்டாவி விட்டாலும் வாயைக் கெதியாக மூடிவிடுவார், காற்று வீணாகுமென்று. அவர் என்னைப் பார்த்தார். என் பெயின்ட் காய்ந்த விரலைப் பார்த்தார். எழும்பி, "ஒரு காய்க்கு ஐயாயிரம்!" என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது. அவர் கொடுத்த தைரியத்தில் ஒவ்வொரு முதலாளியாக எழும்பினார்கள். ஒரு காய்கூட விழாது என்று எல்லாருக்கும் தெரியும். விழாத காய்க்கு வள்ளலாக யாருக்குத்தான் ஆசையில்லை?

"தலைவர் என்ன தருவார்?" என்று ஹாஜறா கேட்டாள், ஒலிவாங்கிக்குக் கேட்கிற மாதிரி.

என் மூளை மின்னியது. நான்தானே விளையாடுவது. ஒரு காயும் போடாமல் தோற்றுவிட்டால் என் இரகசியமும் காப்பாற்றப்படும். சொன்னதும் கொடுக்கத் தேவையில்லை. பெயர் மட்டும் மிச்சம்.

"ஒரு காய்க்கு ஒரு செவரு!" என்றேன். "இந்தப் பாலர் பாடசாலைக்கு, காய்க்கொரு செவரு பெயின்ட் அடிச்சித் தருவன்!"

கைதட்டல் ஸஜாத்துக்கு விழுந்ததைவிட இரண்டு மடங்கு.

நடுவர் றுக்ஸானா. அவளைப் பிளாஸ்டிக் கதிரையோடு பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். விளையாட்டின் சட்டமெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். "துவங்குங்க," என்றாள்.

ஹாஜறா அடித்தாள். காய் பலகையை விட்டுப் பறந்து கலந்தர் காக்காவின் தேத்தண்ணிக்குள் விழுந்தது. நான் அடித்தேன். என் ஸ்ட்ரைக்கர் நாலு சட்டத்திலும் மோதியது, காயைக் குழிக்குள் மட்டும் தள்ளவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹாஜறாவுக்குத் தெரியாத்தனமாக இரண்டு காய் விழுந்தன. என் வெள்ளைக் காய்கள் ஒன்பதும் வாய்க்கருகில் நின்று என்னைப் பார்த்தன. ஒருதரம் ஊதினாலே விழும். நான் ஊதவில்லை. அப்படி விளையாடுவதற்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். றாஸிக் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

அப்போது ஹாஜறா பலகைக்கு மேலே குனிந்தாள். காயைச் சரிபார்க்கிற மாதிரி. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சிபானா சொன்ன சரிதான். கொட்டில்ல நாலு பேருக்குள்ளயும் அஸ்பாக் தம்பிதான் தெறமாம். நீங்க சுமாராம்."

எனக்கு முதலில் விளங்கவேண்டியது, இவளுக்கு எல்லாம் தெரியும் என்பது. அது விளங்கவில்லை. இரண்டாவது பாதிதான் காதுக்குள் போய்க் குத்தியது.

அஸ்பாக்கா?

நிமிர்ந்து பார்த்தேன். அவன் பந்தல் காலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். சிவப்பை ஒருநாளும் ஒழுங்காகப் போடாத அஸ்பாக். என்னிடம் தோற்றுத் தோற்றே தலை நரைத்த அஸ்பாக்.

வயது நாற்பத்தொன்பது. புத்தி இன்னும் வழியில் வந்துகொண்டிருந்தது. விரல் முந்திக்கொண்டது.

டக்.

"ஒண்டு," என்றாள் றுக்ஸானா.

டக். "ரெண்டு." கூட்டம் இன்னும் சிரித்தது. குருட்டு வாய்ப்பு என்று நினைத்தார்கள். டக். மூலையில் ஒட்டிக் கிடந்த காயை எதிர்ப் பக்கச் சட்டத்தில் மோத வைத்து இழுத்தேன். "மூணு." சிரிப்பு நின்றது. "நாலு." ஸஜாத் எழும்பினார். "அஞ்சு." ஸஜாத் குந்தினார். இரட்டை அடி அடித்தேன், "ஆறு, ஏழு." கலந்தர் காக்கா தன்னை மறந்து வாங்கில் அடித்து, "செவப்ப எடுடா நளீம்! எடத்துப் பக்கம் வெட்டி அடி! கொட்டில்ல அடிச்ச மாதிரி!" என்று கத்தினார். வெட்டினேன். சிவப்பு விழுந்தது. சிவப்பைப் போட்டால் கூடவே ஒரு காய் போட வேண்டும், அதற்கு எட்டாவது. கடைசியாக ஒன்பதாவது, கண்ணை மூடிக்கொண்டு.

பந்தலில் காகம் கத்துவது கேட்டது.

"ஒம்பது காய், ஒரு செவப்பு," என்றாள் றுக்ஸானா. அவள் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

அப்புறம் இடி விழுந்த மாதிரி ஆரவாரம். பொடியன்மார் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். ஸஜாத் மட்டும் கதறினார். "இவனுக்குக் கெரம் தெரியாண்டுதானே சொன்ன! இது சுத்த ஏமாத்து!"

"ஸஜாத் காக்கா," என்றாள் ஹாஜறா ஒலிவாங்கியில், தேன் குரலில், "சதக்கா குடுக்கக்குள்ள மொகம் சுளிக்கப்படாது. நன்ம கொறஞ்சிரும்."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸஜாத் சிரித்தார். பல் பிடுங்குகிறவனிடம் சிரிக்கிற சிரிப்பு. மற்ற முதலாளிமாரும் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார்கள். கதிரைக்குப் போதுமாகி மிஞ்சியது.

பந்தல் காலியானதும் நான் காய்களைப் பொறுக்கிக்கொண்டு கேட்டேன், "எப்ப இருந்து தெரியும்?"

"சிபானாட குசினி ஜன்னல் கொட்டிலுக்கு நேரதானே. ஆர் வெண்ட, ஆர் தோத்தண்டு எனக்குக் காலையில செய்தி வந்திரும். ஸ்டொக் எடுத்த காலத்துல இருந்தே."

"அப்ப ஏன் புள்ள கேக்கல்ல?"

"கேட்டிருந்தா விளையாட்ட விட்டிருப்பீங்க. மறுகா காண ஆர் வெட்டுற?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு கேள்விதான் நெஞ்சை அரித்தது.

"அஸ்பாக்தான் தெறமெண்டு சிபானா உண்மையாவே சொன்னவவா?"

"சீ, அது நான் சும்மா சொன்ன. நீங்கதான் தெறமாம்."

அது போதும், என் மனசு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மனசோடு கேட்டேன், "இந்தப் பாடசாலைக்கு எத்தின செவரு?"

"உள்ளுக்க நாலு, வெளியால நாலு. மலசலகூடம் ஒண்டு. முன் மதில் ஒண்டு."

ஒன்பது காயும் ஒரு சிவப்பும்.

"சரி, பெயின்ட் என்ட கடையில இரிக்கி. அடிக்கிறதுக்குக் கூலிக்கு ஒரு பெயின்ட் பாஸப் புடிப்பம்."

"என்னத்துக்குப் பாஸ்? கழகமெண்டு ஒண்டு இரிக்கே," என்றாள்.

கதிரை வந்தது. மாலையுமில்லை, படமுமில்லை. றுக்ஸானா அதை உருட்டிக்கொண்டு பாடசாலைப் பக்கம் வந்தாள். ஏணிமேல் நின்ற என்னை அண்ணாந்து பார்த்து, "காக்கா, மேல் மூலையில திட்டுத் திட்டா இரிக்கி" என்றுவிட்டுப் போனாள். கீழே றாஸிக் அஸ்பாக்கை "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ" என்று தள்ளிக்கொண்டு பூசினார். கலந்தர் காக்காவை ஏணியில் ஏற்றுவதில்லை என்று ஏணியின் சொந்தக்காரர் சொல்லிவிட்டதால் அவர் மதிலுக்கு.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது. வேலை தொடங்கமுதல் ஹாஜறா எல்லாரையும் கூட்டி வைத்து, "நிறத்த மட்டும் தலைவர்தான் முடிவெடுக்கோணும்" என்றாள். இந்தக் கல்யாணத்தில் என்னிடம் முடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. மஞ்சளா, நீலமா என்று நான் நன்றாக யோசித்தேன். எழும்பி நின்று, மஞ்சள் வெளிச்சத்தின் நிறம், பிள்ளைகளின் புத்திக்கு நல்லது என்று ஒரு சிறிய உரையே ஆற்றி, மஞ்சள் என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஹாஜறாதான் பலமாகத் தட்டினாள்.

இன்றைக்கு மூன்றாவது நாள். நீலம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.